ஈஸ்டர் பிரன்ச்சுக்கு ருபார்பும் பால் பஞ்சும்: ஏழு ஞாயிறுகளின் குறிப்பு

உயிர்ப்புப் பெருவிழாவன்று காலைத் திருப்பலி முடிந்து வருபவர்களுக்கு இந்த ஆண்டு எங்கள் வீட்டில் விருந்து என்று பிப்ரவரியிலேயே முடிவாகிவிட்டது. நாங்கள் வசிப்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிப் பதினொரு மணி வாக்கில் பரிமாறும் பிரன்ச் இங்கே ஈஸ்டருக்குப் பொருத்தமான விருந்து. சமையலை மனைவியும் அவருடைய தோழியும் ஏற்றுக்கொண்டார்கள். பானங்கள் என் பொறுப்பாயின. மூன்று ஆண்டுகளாக வீட்டில் காக்டெய்ல் கலந்து பழகி வருகிறேன் என்றாலும், பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில், அதுவும் பகலில், பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருபவர்களுக்குக் கலந்து கொடுத்ததில்லை. ஆகவே ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் பிறந்ததுமே சோதனையைத் தொடங்கினேன். 2025-இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 5 அன்றும், ஈஸ்டர் ஏப்ரல் 20 அன்றும் வந்தன. தவக்காலத்தின் நாற்பது நாள் கணக்கில் ஞாயிறுகள் சேராது என்பதால், சனிக்கிழமை தயாரித்து ஞாயிறு மதியம் மட்டும் சுவைத்துப் பார்ப்பது என்று வகுத்துக்கொண்டேன்.

எளிய வழி ஆரஞ்சுச் சாற்றில் நுரைக்கும் ஒயினை ஊற்றிக் கொடுப்பதுதான். லண்டனில் பக்ஸ் கிளப் என்ற மன்றத்தில் 1921-இல் தோன்றிய பக்ஸ் ஃபிஸ் அப்படிப்பட்டது. மிமோசாவும் அதன் உறவுதான். ஆனால் அதை ஆண்டின் எந்த ஞாயிறன்றும் குடிக்கலாம். ஈஸ்டர் காலைக்கென்று ஒரு பானம் இருக்குமானால், நோன்பு விலக்கி வைத்ததை அது மேசைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் பாலும் வெண்ணெயும்கூட விலக்கு. திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள் வீட்டிலிருக்கும் முட்டையையும் பாலையும் பான்கேக் சுட்டுத் தீர்ப்பதும், ஈஸ்டரில் முட்டைக்கு அத்தனை சிறப்பு இருப்பதும் அந்த ஒழுக்கத்தின் தொடர்ச்சிதான். எனவே பாலில் ஒன்று, முட்டையில் ஒன்று, இந்த மண் இந்தப் பருவத்தில் தருவதில் ஒன்று என மூன்றை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9

மண் தருவது என்றால் இங்கே ருபார்ப்தான். பார்வைக்குச் செந்தண்டுக்கீரையின் தடித்த தண்டு போலவும், வாயில் வைத்தால் புளிச்சகீரையைவிடக் கூர்மையாகவும் இருக்கும். தண்டு மட்டுமே உணவு, இலை நஞ்சு. லீட்ஸுக்குத் தெற்கே வேக்ஃபீல்டு, மோர்லி, ராத்வெல் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியை ருபார்ப் முக்கோணம் என்றே அழைக்கிறார்கள். செடியை இரண்டு ஆண்டுகள் அறுவடையே செய்யாமல் வயலில் விட்டு, வேரில் சத்துச் சேர்ந்து உறைபனியும் பட்ட பிறகு, கிழங்கோடு பெயர்த்து வெளிச்சமே புகாத கதகதப்பான கொட்டகைக்குள் வைப்பார்கள். ஒளி கிடைக்காத தண்டு வேரில் சேர்த்ததையெல்லாம் செலவழித்து வேகமாக நீளும். அதனால் அது மென்மையாகவும் ரோஜா நிறமாகவும் இருக்கும். அறுவடையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் நடக்கும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்ப் பட்டியலில் இது சேர்ந்தது. மார்ச் முடிவதற்குள் இதன் பருவமும் முடிந்துவிடும். ஏப்ரல் 20-க்கு வேண்டியதை இப்போதே பிடித்து வைத்தால்தான் உண்டு.

கிர்க்கேட் சந்தையில் அரைக் கிலோ வாங்கி, நறுக்கி, 250 கிராம் சர்க்கரையும் 250 மி.லி. தண்ணீரும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்தேன். தண்டு குழைந்து நார் நாராகப் பிரிந்தது. வடிகட்டியது மங்கிய பழுப்பு கலந்த இளஞ்சிவப்பாக இருந்தது. சுவையும் வெந்த ஜாமின் சுவை. சந்தையில் என்னை நிற்க வைத்த அந்த நிறம் அடுப்பிலேயே போய்விட்டது.

மார்ச் 16

பக்கத்து வீட்டு மூதாட்டி இந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் பச்சைத் தண்டைச் சர்க்கரையில் தோய்த்துத் தோய்த்துக் கடித்துத் தின்போம் என்றும், கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் ஈரச் சர்க்கரை தண்டைவிடச் சிவப்பாக இருக்கும் என்றும் அவர் சொன்னது எனக்கு வழிகாட்டியது. ஊறுகாய்க்கு உப்பிட்டால் காய் தண்ணீர் விடுவதைப் போல, சர்க்கரையிலும் தண்டு தன் நீரை விட்டுவிடும், அடுப்பே தேவையில்லை.

அரைக் கிலோ தண்டை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 300 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் புரட்டி, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை நனைந்தது. மறுநாள் காலை துண்டுகள் வெளிறிச் சுருங்கி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் இருக்கும் சன்னல் தெரியும் அளவுக்குத் தெளிந்த சிவப்புச் சாறு சேர்ந்திருந்தது. அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையைக் கிளறிக் கரைத்து, துணியில் பிழியாமல் வடியவிட்டதில் ஏறத்தாழ 400 மி.லி. பாகு கிடைத்தது. இந்தச் சோதனை முழுவதிலும் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது இதுதான். வடிகட்டிய துண்டுகளை ஆரஞ்சுத் தோல் சேர்த்து வேக வைத்தால் தயிரோடு சாப்பிட நன்றாக இருக்கும், எறிய வேண்டாம். பாகைச் சிறு போத்தல்களில், மேலே சற்று இடம் விட்டு நிரப்பி, உறைபெட்டியில் வைத்தேன்.

ருபார்ப் பாகு 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 10 மி.லி., ஜின் 25 மி.லி. ஆகியவற்றைக் குளிர வைத்து, மேலே 90 மி.லி. புரோசெக்கோ என்ற இத்தாலிய நுரைக்கும் ஒயினை ஊற்றினேன். நிறம் கண்ணை நிறைத்தது, இனிப்பு திகட்டியது. காரணம் புரோசெக்கோ போத்தலின் சீட்டில் இருந்தது. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் இனிப்புக் குறைவு என்று நினைத்து வாங்கியிருந்தேன். ஆனால் அந்த வகையில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ‘புரூட்’ என்று எழுதியதில்தான் 12 கிராமுக்கு மேல் போகாது. பாகு சேர்க்கும் பானத்துக்குப் புரூட்தான் சரி.

மார்ச் 23

இன்று முட்டை. நியூ ஆர்லியன்ஸில் ஹென்றி ராமோஸ் 1888-இல் உருவாக்கிய ராமோஸ் ஜின் ஃபிஸ் அமெரிக்கத் தெற்கின் பிரன்ச் மேசைக்கு உரியது. ஜின், எலுமிச்சை, லைம் என்ற சிறிய பச்சை எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கிரீம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, சில துளி ஆரஞ்சுப் பூநீர் ஆகியவற்றை முதலில் பனிக்கட்டி இல்லாமலும் பிறகு பனிக்கட்டியோடும் ஷேக்கரில் குலுக்கி, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சிறிது நேரம் குளிரவிட்டு, நடுவில் சோடாவை மெல்ல ஊற்றினால் நுரை குவளையின் விளிம்பைத் தாண்டி வெண்தூணாக எழும். பச்சை முட்டை குறித்துக் கேட்பவர்கள் இருப்பார்கள். சிங்க முத்திரை பெற்ற பிரிட்டிஷ் முட்டைகளைக் கர்ப்பிணிகளும் முதியோரும்கூட வேகாமல் உண்ணலாம் என்று இங்குள்ள உணவுத் தர முகமை 2017-இல் தன் அறிவுரையை மாற்றியது. நானும் அந்த முட்டைகளையே பயன்படுத்துகிறேன்.

சுவையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஒரு குவளைக்கு ஏழு நிமிடம் ஆனது. பத்துப் பேருக்கு என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் சமையலறையில் நின்று குலுக்கிக்கொண்டிருக்க, விருந்தினர் வேறோர் அறையில் காத்திருக்க வேண்டும். ராமோஸ் தம் கடையில் குலுக்குவதற்கென்றே ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். வீட்டு விருந்தில் கலப்பவரும் மேசையில் அமர வேண்டும் என்பதால் இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மார்ச் 30

பால் பஞ்ச். மது, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தேநீர், மசாலா ஆகியவற்றின் கலவையில் பாலைத் திரியவைத்து, திரிந்ததை வடிகட்டி எடுக்கும் பழைய பானம் இது. பெஞ்சமின் ஃபிராங்கிளின் 1763-இல் நண்பர் ஜேம்ஸ் பௌடினுக்கு எழுதிய கடிதத்தோடு இதன் செய்முறையையும் அனுப்பினார்; 44 எலுமிச்சைகளின் தோலைப் பிராந்தியில் ஒரு நாள் ஊறவைக்கச் சொல்கிறது அது. எலுமிச்சையின் புளிப்பால் பாலிலுள்ள கேசீன் புரதம் திரண்டு, தேயிலையின் துவர்ப்பையும் கலங்கலையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். மீதமாவது தெளிந்த பொன்னிற நீர். பாலின் வழவழப்பு நாக்கில் இருக்கும், பால் கண்ணுக்குத் தெரியாது.

என் அளவு இது: பொன்னிற ரம் 300 மி.லி., அதில் ஓர் இரவு ஊறிய இரண்டு எலுமிச்சைகளின் தோல், கடுந்தேநீர் 250 மி.லி., எலுமிச்சைச் சாறு 100 மி.லி., சர்க்கரை 120 கிராம், ஒரு துண்டு பட்டை, நான்கு கிராம்பு, சிறிது சாதிக்காய். திரியவைக்கக் கொழுப்பு நீக்காத பால் 200 மி.லி. முதல் முறை குளிர்ந்த பாலைக் கலவைக்குள் ஒரேயடியாக ஊற்றினேன். பெரிய கட்டிகளாகத் திரிந்தது. வடிவதற்குப் பொறுமையில்லாமல் துணியைப் பிழிந்தேன். வந்தது சோறு வடித்த கஞ்சி போன்ற கலங்கல். எத்தனை முறை வடிகட்டியும் தெளியவில்லை.

ஏப்ரல் 6

வார நடுவில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, திரிந்த பாலை எப்படித் தெளிய வடிப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். “பிழியாதய்யா, பிழிஞ்சா கலங்கத்தான் செய்யும். அதுவா வடியட்டும்” என்றார். அவர் சொன்னது பனீருக்கு. எனக்கும் அதுவே விடையானது.

இம்முறை பாலைக் கொதி வருமுன் இறக்கி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, கலவையை அதன்மேல் மெல்லிய தாரையாக விட்டேன். சிறு சிறு திப்பிகளாகத் திரிந்தது. ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, இரண்டாக மடித்த மஸ்லின் துணியில் ஊற்றினேன். முதலில் வடிவது கலங்கலாகத்தான் இருக்கும். அதை எடுத்து, துணியில் படிந்திருக்கும் திப்பியின் மேலேயே மறுபடியும் ஊற்ற வேண்டும். திப்பிப் படுகைதான் உண்மையான வடிகட்டி. துணி அதைத் தாங்கி நிற்கிறது. அதனால் அதைக் கிளறவும் சுரண்டவும் கூடாது. இரண்டாம் முறை வடிந்த துளிகள் ஒவ்வொன்றாகப் பளிங்கு போல விழத் தொடங்கியபோது இரவு பத்தரை மணி. காலையில் ஏறத்தாழ 800 மி.லி. இருந்தது, காபி வடிதாளில் இன்னொரு முறை வடித்துப் போத்தலில் அடைத்தேன். எலுமிச்சையும் சாதிக்காயும் தெரிந்தன. தேநீரின் துவர்ப்பு போய் மணம் மட்டும் நின்றது. ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கெடாது என்பதால் விருந்து நாளுக்கு வேலையே இல்லை. தெளிந்துவிட்டாலும் இதில் பால் இருக்கிறது. பால் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் போத்தலிலேயே எழுதி ஒட்டினேன்.

ஏப்ரல் 13

குருத்து ஞாயிறு. இன்று அளவுகளைத்தான் கணக்கிட்டேன். இங்கே ஒரு யூனிட் என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால். 40 சதவீத ஜின் 25 மி.லி. ஒரு யூனிட், 11 சதவீத புரோசெக்கோ 90 மி.லி. இன்னொன்று. காலை பதினொரு மணிக்கு முதல் குவளையே இரண்டு யூனிட் என்பது அதிகம். ஜினை 15 மி.லி.க்குக் குறைத்ததில் 1.6 ஆனது, ருபார்ப்பின் மணமும் முன்னைவிடத் தெளிவாக எழுந்தது. பால் பஞ்சை 60 மி.லி. மட்டும் பெரிய பனிக்கட்டியின் மேல் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

இருவர் கார் ஓட்டி வருபவர்கள், ஒருவர் மது அருந்தாதவர். அவர்களுக்கு ருபார்ப் பாகு 30 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., மேலே சோடா. அதே வகைக் கண்ணாடிக் குவளையில். விருந்தில் ஒருவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பையில் பழச்சாறு கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

அலங்காரத்துக்கு வயோலாப் பூக்களைப் பனிக்கட்டியில் உறைய வைத்தேன். தண்ணீரில் போட்டவுடன் பூ மிதந்து மேலே ஒட்டிக்கொள்ளும். பாதி நீர் ஊற்றி உறையவைத்து, பூவைக் கவிழ்த்து வைத்து, மேலே சிறிது நீர் விட்டு உறையவைத்து, பிறகு நிரப்பினால் நடுவில் நிற்கும். பூச்செடிக் கடையில் வாங்கியதில் மருந்து தெளித்திருக்கலாம். உண்பதற்கென்று வளர்த்த பூக்களை மட்டுமே பயன்படுத்தினேன். இந்த வாரம் ஊரெங்கும் மஞ்சளாகப் பூத்திருக்கும் டாஃபடில் நஞ்சு. அது மேசை நடுவிலிருக்கும் பூச்சாடியோடு நிற்கட்டும்.

ஏப்ரல் 20

உறைபெட்டியில் ஒரு மாதம் இருந்த பாகு நேற்றிரவு உருகியபோது நிறம் சிறிதும் மாறவில்லை. ஜினையும் பாகையும் எலுமிச்சைச் சாற்றையும் காலையில் ஒரே கூஜாவில் கலந்து குளிரவைத்ததால், விருந்தினர் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் குவளைக்கு 45 மி.லி. அளந்து ஊற்றி, மேலே புரோசெக்கோவை நிரப்பி முடித்தேன். ஒரு போத்தலில் எட்டுக் குவளை வந்தது. சிலுவைக் குறியிட்ட மசாலா ரொட்டியான ஹாட் கிராஸ் பன்னின் வெண்ணெய்க்கும் பட்டை மணத்துக்கும் பால் பஞ்ச் நன்றாக இணைந்தது. ஆட்டுக்கறிக்கு ருபார்ப்பின் புளிப்பு இன்னும் பொருத்தம். பக்கத்து வீட்டு மூதாட்டி பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் பால் எங்கே என்று கேட்டார். துணியில் தங்கியதைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பன்னின் மேல் தடவிக் கொடுத்தேன். நாங்கள் பேசி முடிக்கும்வரை அவர் அதையே விரும்பிச் சாப்பிட்டார்.

மதியம் மூன்று மணிக்கு இருவர் மட்டும் எஞ்சியிருந்தபோது, அவகாசம் இருந்ததால் இரண்டு ராமோஸ் ஃபிஸ் குலுக்கினேன். நுரை எழுந்து நிற்கும்வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பால் பஞ்ச் 200 மி.லி. மிச்சம். அது ஜூன் 8, பெந்தக்கோஸ்து ஞாயிறுக்கு. அப்போது எங்கள் தெருக்கோடியில் எல்டர் புதர்கள் பூத்திருக்கும். அந்தப் பூவையும் அடுப்பில் ஏற்றாமல் பாகாக்க முடிகிறதா என்று பார்க்கப்போகிறேன்.