கரண்டியைத் தொடாத ஒரு மணி நேரம்

மூன்றாவது முறைதான் சாக்லேட் பீநட் பட்டர் ஃபட்ஜ், அதாவது வேர்க்கடலை விழுது சேர்த்துச் சர்க்கரைப் பாகில் செய்யும் மெத்தென்ற மிட்டாய், எனக்குச் சரியாக வந்தது. முதல் இரண்டு முறையும் வாயில் போட்டால் மணல் மாதிரி நெருடியது. மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். ஆனால் ஃபட்ஜ் நாக்கில் வைத்ததும் வழுவழுவென்று கரைய வேண்டும். அந்த நெருடல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எல்லாம் சர்க்கரையின் வேலை. பாகு சூடாக இருக்கும்போது கிளறினால் சர்க்கரை பெரிய படிகங்களாகக் கட்டிக்கொள்ளும். நன்றாக ஆறவிட்டுக் கிளறினால் ஒரே சமயத்தில் ஏராளமான பொடிப்பொடிப் படிகங்கள் உண்டாகும். அவை நாக்குக்குத் தட்டுப்படாது. நானோ இரண்டு முறையும் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு பீநட் பட்டரைக் கொட்டிக் கிளறியிருந்தேன்.

இந்த முறை 400 கிராம் சர்க்கரை, 50 கிராம் இனிப்பில்லாத கோகோ பொடி, 200 மில்லி பால், ஒரு சிட்டிகை உப்பு. பால் பொங்கி வரும் என்பதால் அடி கனமான, உயரமான பாத்திரம் வேண்டும். சர்க்கரை முழுக்கக் கரையும் வரை சிறு தீயில் கிளறினேன். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிட்டேன். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையை ஈர பிரஷ்ஷால் துடைத்தேன். ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு படிகம் வளர ஆரம்பித்துவிடும்.

114 டிகிரி செல்சியஸில் இறக்கினேன். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். விரலால் கூட்டினால் உருண்டையாகத் திரள வேண்டும். வெளியே எடுத்து அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். பதம் தாண்டினால் ஃபட்ஜ் இறுகி உதிரும், பதம் வராவிட்டால் துண்டு போடவே முடியாது.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. 30 கிராம் வெண்ணெயை மேலே போட்டுவிட்டு, கிளறாமல், பாத்திரத்தை ஆட்டாமல், 45 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீடு முழுக்கச் சாக்லேட் வாசனை. மகள் நாலு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாத்திரத்தின் அடியில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. சரி, இனி தொடலாம்.

120 கிராம் பீநட் பட்டரைச் சேர்த்து மரக்கரண்டியால் அடித்தேன். எண்ணெய் தனியாக மிதக்கும் வகை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஃபட்ஜில் எண்ணெய்ப் பிசுக்கு வந்துவிடும். அது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அடி வரை கலக்கிவிட்டு அளந்து எடுங்கள். எட்டு நிமிடம் போல அடித்திருப்பேன், கை கடுத்துவிட்டது. திடீரென்று பளபளப்பு மங்கியது, கரண்டி போன தடம் மூடாமல் அப்படியே நின்றது. அதன்பின் அரை நிமிடம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும். காகிதம் விரித்த ஆறங்குலத் தட்டில் அவசரமாக வழித்துப் போட்டு, மேலே துளி கல்லுப்பைத் தூவினேன்.

நன்றாக இறுகிய பிறகு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டினேன். முதல் துண்டு மகளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். “அம்மா, மணலே இல்ல!” என்றாள்.