மூட்டை கட்டும் மாதம்

அக்டோபர் 9

என் படங்களை எடுத்துக்கொள்வார்களா என்று அருங்காட்சியகத்துக்கு எழுதியதற்கு இன்றும் கடிதம் வரவில்லை.

அக்டோபர் 11

வீடு மாற வேண்டும், மேற்கு அறையை ஒழிக்க ஆரம்பித்தாயிற்று. வங்காளத்து மேதினிபூர்ப் படச் சுருளை விரித்தால் ஓரத்தில் ராமபாணப் பூச்சி ஓடுகிறது. பின்பக்கம் பழைய புடவைத் துணி ஒட்டியிருக்கும். அந்தப் பசைதான் அதற்கு விருந்து. விளிம்பை மேய்ந்திருக்கிறது, நல்லவேளை படத்துக்குள் வரவில்லை. சங்குப்பூவிலிருந்து எடுத்த நீலம் லேசாக வெளுத்திருக்கிறது. விளக்குக் கரியின் கறுப்பு அப்படியே.

மேதினிபூரின் நயா கிராமத்தில் சுருள் வரைகிற ஒரு பெண்மணி கட்டம் கட்டமாகச் சுருளை இறக்கி, விரலால் தொட்டுத் தொட்டுப் பாடினார். பெஹுலா, பாம்பு கடித்து இறந்த கணவன் உடலோடு தெப்பத்தில் போகும் இடத்தில் குரல் தழைந்தது. பாடியவர் முஸ்லிம், கதை பாம்புத் தெய்வமான மனசா தேவியுடையது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே கேட்பவர்கள்தான் புருவம் தூக்குகிறார்கள்.

அக்டோபர் 12

"அத்தை, இந்தக் குதிரை லிஃப்ட்டுல போகாது."

"படியில தூக்குங்கடா."

"நாலாவது மாடி அத்தை. தலையை மட்டும் தனியா கழட்டி..."

அய்யனார் குதிரையின் தலையைக் கழற்றுகிறானாம் தம்பி மகன். கழுத்து, உடம்பு, கால் என்று தனித்தனியாக வனைந்து சேர்ப்பது வாஸ்தவம். சுட்ட பிறகு கழற்ற அது என்ன மிக்ஸியா?

அக்டோபர் 15

கடிதம் வந்தது. கோண்டு, பில் பழங்குடிப் படங்களும் பீகாரின் மிதிலைப் படங்களும் மட்டும் போதுமாம். மற்றவை 'சேகரிப்பின் நோக்கத்துக்குள் வரவில்லை'. எடுத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் 'ஒரு ஓவியர் பெயர்' வேண்டுமாம்.

என் கோண்டு மான் படத்துக்கு யார் பெயரை எழுதுவது?

கீழே கையெழுத்து ஒருவருடையதுதான். ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொம்பு மரமாகக் கிளைக்கும் இடத்திலிருந்து வயிறு வரைக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒரே அழுத்தம். பின்னங்காலுக்கு வந்ததும் புள்ளி போய்விடுகிறது. அரிவாள் மாதிரி வளைந்த கோடுகள், நெருக்கமாக, கொஞ்சம் அவசரமாக. கோண்டுகளில் பர்தான் பிரிவு ஓவியர்கள் ஆளுக்கொரு நிரப்பு முறை வைத்திருப்பார்கள். அதுதான் அவர்களுடைய அடையாளம். அப்படியென்றால் அந்தக் கால் வேறொரு கை. மனைவியா, தம்பியா, வேலை கற்றுக்கொள்ள வந்த பையனா? போபாலில் வாங்கிய அன்றே என் நோட்டில் எழுதியிருக்கிறேன்: 'ராட்ரிங் பேனா, கறுப்பு மசி, பட்டன்கட்காரர், இரண்டு கை.' பட்டன்கட் கோண்டு ஓவியர்களின் கிராமம். இரண்டாவது கைக்குப் பெயர் கேட்டபோது அவர் சிரித்தார், அவ்வளவுதான்.

போபாலில் பாரத் பவன் கலை மையம் 1982-இல் திறந்தபோது எங்கள் பாங்க்கில் பலரும் வேடிக்கை பார்க்கத்தான் போனோம். ஓவியர் ஜெ. சுவாமிநாதன் நவீன ஓவியத்தையும் கிராமத்து ஓவியத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார். பட்டன்கட்டிலிருந்து வந்த ஜங்கர் சிங் ஷியாம் என்ற இளைஞருக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. 'பழங்குடி ஓவியம், மண்ட்லா மாவட்டம்' என்று மொட்டையாக இல்லை. எனக்கு அதுதான் பிடித்துப்போனது. 2001-இல் ஜப்பானில் அவர் இறந்தார் என்று பேப்பரில் படித்த நாளில் ஆபீஸில் யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை.

அக்டோபர் 16

விடிய விடிய மழை. மிதிலைத் தாள்களில் பூசிய சாணக் கரைசல் ஈரத்தில் மணக்கிறது. அந்துருண்டை, வசம்பு, வேப்பிலை எல்லாம் வைத்தாயிற்று.

அக்டோபர் 19

வியாபாரி ஒருவர் வந்தார். தெய்வ ஆட்டத்தில் அணிகிற துளுநாட்டு பூத முகமூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நூத்தம்பது வருஷம் இருக்கும்மா" என்றார். இருந்தால் அது தொல்பொருள் சார், 1972 சட்டப்படி நூறு தாண்டினால் நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது என்றேன். காபி ஆறுவதற்குள் முகமூடிக்கு வயது எண்பதாகிவிட்டது. போகும்போது மான் படத்தைப் பார்த்து, "ரெண்டு கைன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, விலை பாதியாயிடும்" என்றார்.

பூத முகத்தை அவருக்குக் கொடுக்கமாட்டேன்.

அக்டோபர் 20

முதுகு வலி. பெட்டி எதுவும் கட்டவில்லை.

அக்டோபர் 22

தூக்கம் வரவில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டால் பத்திரம் என்கிறார்கள் எல்லாரும். மிதிலை ஓவியர் கங்கா தேவிக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டெல்லியில் அருங்காட்சியகச் சுவரிலேயே அவர் வரைந்த கோஹ்பர், அந்தக் கல்யாண அறை, 2015-இல் புதுப்பிக்கும் வேலையில் போய்விட்டது. ராமபாணம் விளிம்பை மட்டும்தான் தின்கிறது.

அந்தப் பின்னங்கால் பெண் கையாகத்தான் இருக்க வேண்டும். கோலம் போடுகிறவளுக்குத் தெரியும், அந்த வளைவில் மணிக்கட்டு திரும்புகிற விதம்.

அக்டோபர் 23

இல்லை. பையனாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 26

பதில் எழுதிப் போட்டேன். பட்டியலில் மான் படத்துக்கு நேராக: 'கையெழுத்திட்டவரும், பெயர் தெரியாத இன்னொருவரும்.' ஒரே பெயர்தான் வேண்டுமென்றால் படம் வராது என்று கீழே சேர்த்தேன். தம்பி மகன் படித்துவிட்டு, "இதுக்காகவே திருப்பி அனுப்பிடுவாங்க அத்தை" என்றான். அனுப்பட்டும்.

குதிரையை எதிர்வீட்டுக்காரர் தோட்டத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கிறார். செடிக்குத் தண்ணீர் விடும்போது அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

அக்டோபர் 28

போபாலில் கூட வேலை பார்த்தவர் மூலமாகப் பட்டன்கட்டில் ஒரு நம்பர் கிடைத்தது. கையெழுத்துப் போட்டவரின் மகளாம். பின்னங்காலை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்துவிட்டது. ஏதோ டைப் செய்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி செய்கிறாள். இந்தியில் பேச வேண்டியிருக்கும், விட்டுப்போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. லாரிக்காரன் வேறு வாசலில் ஹாரன் அடிக்கிறான், நாளைக்குத்தானே வரச்சொன்னேன்