கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியவை

லண்டனில் இருக்கும் 32 பரோக்களில், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளில், ஒன்றின் கவுன்சிலில், வீட்டுவசதிப் பிரிவில் வேலை செய்கிறேன். கவுன்சில் வீடுகளில் குடியிருப்பவர்களிடம் அபிப்பிராயம் கேட்பதுதான் என் பொறுப்பு. லிஃப்ட் மாற்றுவது, பழுதுபார்க்கும் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது, படிக்கட்டைக் கழுவுவது, பழைய குடியிருப்பு எஸ்டேட்டை இடித்துக் கட்டுவது என எதுவானாலும் முதலில் அங்கே வாழ்கிறவர்களிடம் போக வேண்டும். அலுவலகத்தில் இதற்குக் கன்சல்டேஷன் என்று பெயர்.

இது உருப்படுமா இல்லையா என்பது கேள்வித்தாள் அச்சாவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம். எது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, எது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கேட்டால் மக்கள் நேரம் ஒதுக்கிப் பேசுகிறார்கள். அதை மூடி மறைத்துவிட்டுக் கேட்டால் கதவைக்கூடத் திறப்பதில்லை. அவர்கள் செய்வது சரி என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, வீட்டு நிர்வாகத்தில் குடியிருப்பாளர்களைக் கணிசமாகப் பாதிக்கும் மாற்றம் எதையும் செய்வதற்கு முன் அவர்களுடைய கருத்தைக் கேட்டு, அதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாடகையும் சேவைக் கட்டணமும் அந்தப் பிரிவுக்குள் வராது. இது பலருக்குத் தெரியாது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதல் கேள்வி வாடகை பற்றித்தான் வரும். ஆகவே கூட்டம் தொடங்கியதுமே அதைச் சொல்லிவிடுவேன்: வாடகை எவ்வளவு உயரலாம் என்ற வரம்பை மத்திய அரசு வைக்கிறது, இன்றைக்கு நாம் பேசப்போவது வேறு விஷயம் என்று. கொஞ்சம் முணுமுணுப்பு எழும். ஆனால் அரை மணி நேரம் கழித்து "அப்போ எதற்கு எங்களைக் கூப்பிட்டீர்கள்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நீதிமன்றங்களும் வழி காட்டியிருக்கின்றன. அதே 1985இல் பிரென்ட் கவுன்சில் மீது, பள்ளிகளை மூடுவது தொடர்பாக நடந்த வழக்கில் நான்கு நெறிகள் உருவாயின. திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான விவரம் தர வேண்டும். போதுமான அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014இல் ஹேரிங்கே கவுன்சில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்றுக்கொண்டது. கவுன்சில் வரிச் சலுகையைக் குறைப்பது பற்றி மக்களிடம் கேட்டபோது, வேறு என்ன வழிகள் இருந்தன, அவை ஏன் கைவிடப்பட்டன என்று சொல்லவில்லை என்பதுதான் அங்கே கண்ட குறை. எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்த வழக்கைத்தான்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு லிஃப்ட் வேலையைச் சொல்கிறேன். 1960களில் கட்டிய அடுக்குமாடிக் கட்டடம் அது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் இருப்பதுபோல இரண்டு லிஃப்ட். ஒன்று ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும், மற்றது இரட்டைப்படை மாடிகளில். இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றினால் சில மாதங்களுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் மற்ற லிஃப்டில் ஏறி, ஒரு மாடி படியில் நடக்க வேண்டும். நமக்கு அது ஒரு மாடிதான். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த ஒரு மாடி பெரிய மதில் மாதிரி.

இதில் இன்னொரு சிக்கல். அதே கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு, 1980இல் வந்த வாங்கும் உரிமைச் சட்டத்தின் வழியாக வீட்டைச் சொந்தமாக்கிய லீஸ்ஹோல்டர்களும் உண்டு. லீஸ்ஹோல்டர்களுக்கு 1985ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தில், 20ஆம் பிரிவின்படி தனி நோட்டீஸ் போக வேண்டும். ஒருவர் கட்ட வேண்டிய பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலை என்றால் நோட்டீஸ் அனுப்பி, கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். முறையாகச் செய்யாவிட்டால் பொதுவாக அந்த 250க்கு மேல் வசூலிக்க முடியாது. ஆக, ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு விதமான கடிதம் வரும். இரண்டு பேரும் லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்து, எதையோ மறைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதனால் இரண்டு கடிதங்களோடும் பொதுவாக ஒரு பக்கத்தைச் சேர்த்தோம். ஏன் இரண்டு கடிதம் என்று நான்கு வரி. அப்புறம், லிஃப்ட் மாற்றுவது முடிவாகிவிட்டது, பழைய லிஃப்டுக்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்பது. அதன் கீழே, இன்னும் முடிவாகாதவை: எதை முதலில் மாற்றுவது, எந்த மாதங்களில், படி ஏற முடியாதவர்களுக்கு என்ன உதவி.

கடிதம் போன பிறகு சாயங்காலங்களில் கதவு கதவாகப் போனோம். ஏழாவது மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிப் போகும். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கடிதத்தை மடித்து டெலிபோனுக்குக் கீழே வைத்திருந்தார்.

"நீங்கள் எல்லாத்தையும் முடிவெடுத்துப்போட்டுத்தானே பிள்ளை வந்து கேக்கிறியள்?" என்றார்.

"மாத்துறது முடிவு அம்மா. ஆனா எந்த லிஃப்ட் முதல்ல, எந்த மாசம் என்கிறது இன்னும் முடிவாகேல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்கடை பக்கத்தைக் கோடைக்கை செய்யுங்கோ. குளிருக்கை அந்தப் படியிலை நிண்டு காத்துக்கொண்டிருக்க ஏலாது. என்னைத் தூக்க வாற பிள்ளையளும் பாவங்கள்."

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு ஒரு பக்கம் திறந்தது. காற்று நேரே உள்ளே அடிக்கும். எங்கள் பொறியாளர்களின் அட்டவணையில் ஒற்றைப்படை லிஃப்ட் நவம்பரில் தொடங்குவதாக இருந்தது. இதே கவலையை வேறு பல வீடுகளிலும் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். கணக்கெடுத்துப் பார்த்தபோது, படி ஏறவே முடியாதவர்கள் ஒற்றைப்படை மாடிகளில்தான் அதிகம் இருந்தார்கள். வரிசை மாறியது. அந்தப் பக்கம் கோடையில் நடந்தது. சிலரைக் கீழ்மாடியில் காலியாக இருந்த வீடுகளுக்குத் தற்காலிகமாக மாற்றினோம்.

எல்லாமே கிடைத்துவிடவில்லை. புதிய லிஃப்ட் இரண்டும் எல்லா மாடியிலும் நிற்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான ஆசை. அதற்கு ஒவ்வொரு மாடியிலும் சுவரை உடைத்துப் புது வாசல் வைக்க வேண்டும். லீஸ்ஹோல்டர்களின் பில் எகிறும். வாடகைக்காரர்களின் பணமும்தான்: கவுன்சில் வீடுகளின் கணக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலி போட்ட தனிக் கணக்கு, வாடகைப் பணம்தான் அதன் முக்கிய வருமானம். முடியாது என்று முடிவானபோது அந்தக் காரணங்களையும் கணக்கையும் எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்பினோம். கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்கள். முடியாது என்பதைவிட, பதிலே வராததுதான் மக்களை விரட்டுகிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோருக்காகப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும் காட்சி இந்த வேலையில் சாதாரணம். பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாகவே இருக்கும். ஆனால் எந்தத் தாயும் வாடகை பாக்கியைப் பற்றிப் பிள்ளையின் வாய் வழியாகப் பேச மாட்டாள். படுக்கையறைப் பூஞ்சணம், அதனால் ராத்திரி முழுக்க வரும் இருமல், எதுவும் வெளியே வராது. நம் ஊர்ப் பெரியவர்களிடம் இன்னொரு தயக்கமும் உண்டு. வீடு தந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது, சொன்னால் வீடு போய்விடுமோ என்ற பயம். போனில் திருப்தி மதிப்பீடு கேட்டால் "மிகவும் திருப்தி" என்று சொல்லிவிட்டு, நேரில் போனால் ஒழுகும் கூரையைக் காட்டுவார்கள்.

2023 முதல், கவுன்சில் வீடுகள் போன்ற குறைந்த வாடகைச் சமூக வீடுகளை நடத்தும் எல்லோரும் 22 அளவுகோல்களில் தங்களை அளந்தாக வேண்டும். அவற்றில் 12 குடியிருப்பாளர்களிடம் நேரடியாகக் கேட்டுப் பெறுவது. "உங்கள் கருத்தைக் கேட்டு அதன்படி நடக்கிறார்களா?" என்பது அதில் ஒரு கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வி அது. ஆனால் வருகிற சதவீதம் எங்கே வலிக்கிறது என்று காட்டுமே தவிர, ஏன் என்று சொல்லாது. அதற்கு வீட்டுக்குள் போய் உட்காரத்தான் வேண்டும்.

இத்தனை விதிகள் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் சக ஊழியர்களிடம் நான் ஒன்றைத்தான் நினைவூட்டுவேன். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீயால் 72 பேர் இறந்தார்கள். தீப்பாதுகாப்பு பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்துதான் 2023ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஆய்வாளர்கள் கவுன்சில்களுக்கு நேரில் வருகிறார்கள், குடியிருப்பாளர்களையும் சந்திக்கிறார்கள், சி1 முதல் சி4 வரை தரம் போடுகிறார்கள். தரத்துக்குப் பயந்து கேட்கிற கவுன்சிலும் இருக்கலாம். எப்படியோ, கேட்கட்டும்.

இப்போது பழுதுபார்க்கும் ஆட்கள் வீட்டுக்கு வரும் நேரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். காலை 8 முதல் பகல் 1 வரை என்று ஒரே நீண்ட இடைவெளியாக இருப்பதால், பிள்ளையைப் பள்ளியில் விடும் தாய்மார் திரும்பி வருவதற்குள் ஆள் வந்து கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். பள்ளி நேரத்துக்குப் பொருந்தும்படி ஒரு நேரம் வேண்டும் என்பது இதுவரை அதிகம் பேர் சொன்னது. ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வேண்டும் என்கிறார்கள். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் மாலை நேரத்துக்குக் கூடுதல் காசு. அதையும் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். பதில்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. தமிழ்ப் படிவங்கள் தீர்ந்துவிட்டன, இன்னும் ஒரு கட்டு அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.