திரும்ப வரும் படங்கள்

2024இல் ‘கில்லி’ மறுவெளியீடு ஆனபோது பாதி வசனம் திரையிலிருந்து வரவே இல்லை, கூட்டமே பேசி முடித்துவிட்டது. படம் வந்த 2004இல் கைக்குழந்தையாக இருந்திருக்கக்கூடியவர்கள்தான் வில்லன் முத்துப்பாண்டியின் வசனத்தை வரிக்கு வரி ஒப்பித்தார்கள். எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் திரும்ப வருவதில் பெரும்பாலானவை மாஸ் ஹீரோ படங்களாகவே இருப்பதுதான் உறுத்துகிறது. 2012இல் சிவாஜியின் பழைய ‘கர்ணன்’ படத்தையும் ஒலியையும் சீராக்கிக் கொண்டுவந்தார்களே, அந்த மெனக்கெடல் எத்தனை படத்துக்கு நடக்கிறது?

நாவல் படமாகும்போது “கதையை மாத்திட்டாங்க” என்று கத்துகிற கட்சி நானில்லை. பூமணியின் ‘வெக்கை’யில் நாம் பையன் சிதம்பரத்தோடு ஓடுகிறோம். அதைப் படமாக்கிய ‘அசுரன்’ அப்பா பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டும் எனக்கு வேண்டும். (நாவலின் நிதானம் படத்தில் கிடையாது, அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.)

சரி, காமெடிக்கு வருவோம். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் போனில் துண்டாகப் பார்த்திருப்போம். பெரிய திரையில் பார்த்தால் கண் நாகேஷிடம் நிற்காது, கதை கேட்கும் பாலையா முகத்துக்குத்தான் போகும். பயந்து பயந்தே அந்த மனுஷன் காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதேபோல ‘மைக்கேல் மதன காமராஜன்’. கிரேசி மோகன் வசனத்தில் ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு போயிருக்கும். ஹவுஸ்ஃபுல் தியேட்டரில் அதைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பார்க்கணும் சார். யாராவது புண்ணியவான் நாலு ஷோ போடுங்களேன், டிக்கெட்டுக்கு நான் கேரண்டி.