மின்சாரமில்லாத ஊரில் படித்த மின்னியல்

ஒன்ராறியோ அறிவியல் நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லாத தமிழ்ப் பெற்றோர் ரொறன்ரோவில் குறைவு. டொன் மில்ஸ் வீதியிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கிச் செல்லும் அந்தக் கட்டடங்களை வடிவமைத்தவர் றேமண்ட் மொரியாமா. 1969 இல் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே கைகட்டி நிற்கும் அருங்காட்சியகம் அல்ல அது. எதையும் தொடலாம், திருகலாம், அழுத்தலாம் என்றிருந்தது.

பிள்ளைகள் முண்டியடித்தது மின்சாரக் காட்சிக்குத்தான். மேடையில் வான் டி கிராஃப் பிறப்பாக்கியின் பெரிய உலோகக் கோளம் இருக்கும். உள்ளே ஓடும் பட்டி மின்னேற்றத்தைச் சுமந்து போய்க் கோளத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும். மின் கடத்தாத, காவலிட்ட பீடத்தில் ஏறி நின்று கோளத்தில் கை வைத்தால் அந்த ஏற்றம் உடலெங்கும் பரவும். ஒரேவகை ஏற்றம் பெற்ற மயிர்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழும்பும். அழுத்தம் இலட்சக்கணக்கான வோல்ற்றுக்குப் போனாலும் சேரும் ஏற்றம் சொற்பம் என்பதால் ஆபத்தில்லை. என் மகளின் தலை ஈர்க்குமாறு போல விரிந்தபோது மனைவி படம் எடுத்தார். நான் எடுக்கவில்லை. இது யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த கல்லூரியில் ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்தியது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

நம்மிடம் இருந்தவை எபனைற்று என்ற கடின இறப்பர்க் கோல், அதைத் தேய்க்கப் பூனைத்தோல், ஏற்றம் பட்டால் இலை விரியும் பொன்னிலை மின்காட்டி. மாரி காலத்தில் எவ்வளவு தேய்த்தாலும் பொன்னிலை அசையாது. ஈரலிப்பான காற்றில் கோலின் மேற்பரப்பில் நீர் மெல்லியதாகப் படிந்து, சேரும் ஏற்றத்தைக் கசியவிட்டுவிடும். பௌதிக ஆசிரியர் கோலை வெயிலில் காயவைத்து எடுத்துவருவார்; அதற்குள் மணி அடித்துவிடும். இங்கோ பனிக்காலத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்க, கதவுப்பிடியைத் தொட்டாலே பொறி பறக்கிறது. சேர் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்.

ஆனால் ஓட்ட மின்னியலில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. 1990 இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் மின்காந்தத் தூண்டல் படித்தவர்கள். ரோச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். எஞ்சியது சைக்கிள் டைனமோ. சேர் தன் சைக்கிளை ஆய்வுகூடத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை ரயரோடு சாய்த்து, மிதிகட்டையைக் கையால் சுற்றச் சொன்னார். மின்சுற்று திறந்திருக்கும்போது சக்கரம் இலேசாக ஓடியது. மின்குமிழை இணைத்தார், கை கனத்தது. கழற்றினார், மறுபடி இலேசு. "இப்போது உன் கையைத் தடுப்பது யார் தம்பி?" என்று கேட்டார். டைனமோவின் கம்பிச் சுருளில் பிறக்கும் ஓட்டம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும் என்ற லென்சின் விதியைப் புத்தகத்தில் வாசித்தது அதற்குப் பிறகுதான்.

டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும். ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் நான்கு இருவாயிகளும் அதைச் சீராக்கும் ஒரு கொள்ளளவியும் கிடைத்த வீட்டில் இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்கும். மிதிப்பது எப்போதும் வீட்டின் இளையவன். அவன் களைத்தால் செய்தி தேய்ந்து நின்றுவிடும், பெரியவர்கள் அதட்டுவார்கள். உழைப்புத்தான் மின்சாரமாகிறது என்பதை அந்த இளையவர்களுக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

அதனால்தான் மயிரெழும்பும் காட்சியை நான் கொஞ்சம் குறைத்தே மதிக்கிறேன். வேடிக்கைதான், ஆனால் பிள்ளை சும்மா நிற்கிறது. கையால் சுற்றி, பாரம் கூடுவதை உணரச்செய்யும் காட்சிப்பொருள் அதைவிட ஒரு படி மேல்.

டொன் மில்ஸ் கட்டடம் 2024 யூன் 21 அன்று, கூரைப் பலகைகளின் நிலையைக் காரணம் காட்டி மூடப்பட்டது. இப்போது நமது பழைய மாணவர் சங்கத்தில் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்ற பேச்சு நடக்கிறது. இளைய உறுப்பினர்கள் தொடுதிரைப் பலகை கேட்கிறார்கள். என் வாக்கு கையால் சுற்றும் பிறப்பாக்கிகளுக்கு. ஒரு மேசைக்கு ஒன்று. பணம் மிஞ்சினால் சிறிய வான் டி கிராஃப் ஒன்றும் வாங்கலாம். அப்படி வாங்கினால் தலைமயிர் உலர்த்தும் கருவி ஒன்றையும் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். மாரியில் பட்டியைக் காயவைக்கச் சேருக்கு வெயில் கிடைக்காது.