பவரா, கேபிளா?

"சார், ஃபைல் பேரெல்லாம் தானா மாறிக்கிட்டே இருக்கு. என்ன செய்யட்டும்?" கணக்குப் பிரிவிலிருந்து போன். யோசிக்காமல் நான் சொன்ன பதில்: "பவரைப் பிடுங்கிடுங்கம்மா." பிடுங்கிவிட்டார்.

அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், இசட் டிரைவ் வழியாக சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டருக்குள்ளும் நுழைந்திருந்தது. தாமதிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் இன்னும் சில ஃபைல்கள் பூட்டப்படும். அந்த வகையில் சொன்னது சரிதான்.

ஆனால் ஷேரைக் காப்பாற்ற நெட்வொர்க் கேபிளைக் கழற்றினாலே போதுமே. பவர் போனால் ராமில் (தற்காலிக மெமரியில்) இருப்பதெல்லாம் போச்சு: எந்த புரோகிராம் ஓடியது, நெட்வொர்க்கில் எந்த ஐ.பி. முகவரியோடு பேசியது, சில சமயம் பூட்டிய ஃபைல்களைத் திறக்கும் சாவியே கூட. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, ரீஸ்டார்ட் செய்யாத சில விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில் சாவியை உருவாக்கிய பகா எண்கள் மெமரியிலேயே கிடந்தன. அவற்றைத் தேடியெடுத்து ஃபைல்களைத் திறக்க முடிந்தது. அணைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. எல்லா ரேன்சம்வேரும் அப்படி விட்டுவைக்காது என்பதும் உண்மைதான்.

சர்வர் பக்கம் பார்க்க வேண்டிய இடம், கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓபன் ஃபைல்ஸ். ஒரே யூசர் பெயரில் நூற்றுக்கணக்கில் திறந்திருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அக்கவுன்ட்டை டிஸேபிள் செய்தால் மட்டும் ஓடுகிற செஷன் (சர்வரோடு ஏற்கெனவே உள்ள இணைப்பு) அறுபடாது. செஷன்ஸில் போய் அதையும் மூட வேண்டும். மூடினாலும், லாகின் செய்தபோது வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட் என்ற அனுமதிச் சீட்டைக் காட்டி அந்தக் கம்ப்யூட்டர் மறுபடி உள்ளே வரலாம். அதன் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். ஆகவே கேபிள்தான் உறுதி. லேப்டாப்பில் வைஃபையையும் அணைக்க வேண்டும். கேபிளைக் கழற்றியதும் அது தானாக வைஃபைக்குத் தாவிவிடும், அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

இப்போது ஒவ்வொரு மானிட்டரின் கீழும் ஒரு ஸ்டிக்கர்: "முதலில் கேபிள். அணைக்க வேண்டாம். பிறகு போன்."

ஒட்டும்போது, அன்று போன் செய்த கணக்குப் பிரிவு அம்மா கேட்டார்: "அப்போ அன்னிக்கு நான் செஞ்சது தப்பா சார்?"

"இல்லம்மா, நான் சொன்னதைத்தானே செஞ்சீங்க."

அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. கேபிளைக் கழற்றினாலும் கம்ப்யூட்டருக்குள் பூட்டுவது நிற்காது. பேக்கப்பில் சேராத அவருடைய டெஸ்க்டாப் ஃபோல்டரில் பாதி ஃபைல்களாவது பிழைத்தது, பவரைப் பிடுங்கியதால்தான்.