டாப் வியூ ஏன் கீழே வருகிறது?

பாலிடெக்னிக் முதல் வருஷத்தில் இன்ஜினியரிங் டிராயிங்கில் திணறுகிற பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கை சரியில்லை, நீட்டா போடு." என் அக்கா மகனுக்கும் அதே அர்ச்சனைதான். ஷீட்டை வாங்கிப் பார்த்தால் கோடெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் டாப் வியூ (பொருளை மேலிருந்து பார்த்த படம்) ஃப்ரண்ட் வியூவுக்கு (முன்னாலிருந்து பார்த்த படம்) மேலே உட்கார்ந்திருக்கிறது. ஏன்டா என்றால், "யூடியூப்ல அப்படித்தான் மாமா போட்டாங்க" என்கிறான்.

அது அமெரிக்க வீடியோ. அங்கே வியூக்களை அடுக்குகிற முறை தேர்டு ஆங்கிள், டாப் வியூ மேலே வரும். நம் பாடத்தில் ஃபர்ஸ்ட் ஆங்கிள், கீழே வர வேண்டும். இரண்டையும் கலந்து படித்தால் யாருக்கும்தான் குழம்பும். அதைவிட, இதை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

ஒரு அட்டைப்பெட்டியில் பின்சுவர், தரை, வலது சுவர் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டியெறிந்தோம். துணி சோப்பைப் படிக்கட்டு மாதிரி செதுக்கி நடுவில் வைத்தான். முன்னாலிருந்து பார்ப்பதைப் பின்சுவரில் வரை, மேலிருந்து பார்ப்பதைத் தரையில் வரை, இடது பக்கமிருந்து பார்ப்பதை வலது சுவரில் வரை என்றேன். வரைந்து முடித்ததும் சோப்பை எடுத்துவிட்டு, தரையும் வலது சுவரும் ஒட்டியிருந்த விளிம்பை பிளேடால் கீறி, தரையைக் கீழ்ப்பக்கமாக மடக்கி, வலது சுவரைப் பின்னால் விரித்தால், டாப் வியூ தானாகவே ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே, இடது வியூ வலது பக்கத்தில். "அட, இவ்ளோதானா" என்றான்.

அப்புறம் சோப்பில் பேனா மூடியால் ஒரு ஓட்டை போட்டோம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாதோ அந்த வியூவில் அது விட்டு விட்டு வரும் கோடு.

பென்சில் விஷயம் சின்னதுதான். முதலில் 2எச் பென்சிலால் லேசாக எல்லா வியூவையும் ஒன்றாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும், ஒன்றை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது, கடைசியில்தான் எச்பியால் அழுத்தம். போர்டில் மாட்டிக் கோடு போடுகிற மினி டிராஃப்டரின் ஸ்க்ரூ லூஸாக இருந்தால் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கோடு சாயும், பழியோ பையன் மேல்.

அக்காவுக்குப் பொறுமையில்லை, "நீயே போட்டுக் கொடுத்துடேன்டா" என்றாள். பரீட்சை ஹாலுக்கு நானா போவேன்? முடியாது என்றுவிட்டேன்.

இப்போது செக்ஷன் வியூவுக்கு, அதாவது பொருளை வெட்டினால் உள்ளே தெரிவதை வரைவதற்கு, வந்திருக்கிறான். சோப்பைக் கத்தியால் ஓட்டை வழியாகப் பாதியாக அறுத்து, கத்தி பட்ட இடத்தில் மட்டும் 45 டிகிரியில் கோடு போடு, ஓட்டை இருந்த இடத்தை வெறுமனே விடு என்று சொல்லியிருக்கிறேன். அங்கேயும் சேர்த்துத்தான் கோடு இழுத்துவிட்டு வருகிறான், அடுத்த ஞாயிறு மறுபடி உட்கார வேண்டும்.